துறவி ஐசக் அந்த வழியாக வந்தபோது

கி.பி. 324, ஜூன் 6. எகிப்தின் ஃபயூம் பகுதியில் கரானிஸ் என்றொரு ஊர். அங்கே இசிதோருஸ் என்ற விவசாயி அதிகாரிக்கு ஒரு புகார் மனு எழுதுகிறார். பமுனிஸ், ஹர்ப்பாலுஸ் என்ற இருவரின் மாடு அவருடைய பயிரில் புகுந்து அடியோடு மேய்ந்துவிட்டது. மாட்டைப் பிடித்து ஊருக்குள் ஓட்டிக்கொண்டு வந்தபோது அந்த இருவரும் பெரிய தடியோடு வழிமறித்தார்கள். கீழே தள்ளி அடித்து நொறுக்கிவிட்டு மாட்டையும் பறித்துக்கொண்டார்கள். தற்செயலாக அந்த வழியே வந்த திருத்தொண்டர் அந்தோனினுசும் துறவி ஐசக்கும் உதவிக்கு வந்திராவிட்டால் என் கதையையே முடித்திருப்பார்கள் என்கிறார் இசிதோருஸ்.

பாப்பிரஸ் தாளில் எழுதிய இந்த மனு எகிப்தின் வறண்ட மண்ணில் கெடாமல் கிடந்து நம் காலத்துக்கு வந்து சேர்ந்தது. ஐசக்கைக் குறிக்க அதில் வரும் சொல் 'மொனக்கோஸ்'. தேதி போட்ட ஆவணங்களில், கிறிஸ்தவத் துறவி என்ற பொருளில் இந்தக் கிரேக்கச் சொல் முதன்முதலாகத் தென்படுவது இந்த மாட்டுத் தகராறில்தான். எட்வின் ஜட்ஜ் என்ற வரலாற்றாசிரியர் 1977இல் எழுதிய ஒரு கட்டுரையில் இதை எடுத்துக்காட்டினார். கிறிஸ்தவத் துறவின் தொடக்கத்தைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் நினைவுக்கு வருபவர் இந்த ஐசக். அவரைப் பற்றி இந்த ஒரு வரியைத் தவிர வேறெதுவும் கிடையாது. ஆனால் அந்த ஒரு வரியில் அவர் இருக்கும் இடத்தைப் பாருங்கள். பாலைவனக் குகையில் அவர் இல்லை. வயல்வெளியில், ஊருக்குப் போகும் வழியில், அடிதடிக்கு நடுவே இருக்கிறார். 'துறவி ஐசக்' என்றாலே அதிகாரிக்குப் புரிந்துவிடும் என்று மனு எழுதியவர் நம்புகிறார். அப்படியென்றால் அந்தச் சொல்லும் அப்படிப்பட்ட மனிதர்களும் ஊருக்கு ஏற்கெனவே பழகியிருக்க வேண்டும்.

வழக்கமாகச் சொல்லப்படும் கதை வேறு. முதல் துறவி அந்தோனியார். ஊரை உதறிப் பாலைக்குப் போனார். அவர் பின்னே ஆயிரக்கணக்கானோர் போனார்கள். பக்கோமியுஸ் அவர்களைச் சேர்த்து மடமாக்கினார். தமிழ்நாட்டுக் கத்தோலிக்கர் இந்த அந்தோனியாரைப் பதுவை அந்தோனியாரிடமிருந்து பிரித்து 'வனத்து அந்தோனியார்' என்பார்கள். ஜனவரி 17இல், பொங்கலை ஒட்டி, அவருடைய திருநாள் வருகிறது. அவருக்கும் முந்தியவர் என்று சொல்லப்படும் பவுலுக்கு 'வனத்துச் சின்னப்பர்' என்று பெயர். வனம் என்றதும் நம் மனத்தில் மரங்கள் எழும். அங்கே இருந்ததோ மணலும் பாறையும். நைல் நதியின் இரு கரைகளிலும் ஒரு பச்சைப் பட்டை. அது முடிகிற இடத்தில் பாலை தொடங்கும். ஒரு காலை வயலிலும் மறு காலை மணலிலும் வைத்து நிற்கலாம். இந்த நில அமைப்பை மறந்துவிட்டால் அந்தத் துறவிகளை நம்மால் புரிந்துகொள்ள முடியாது.

அந்தோனியாரின் கதையைச் சொன்னவர் அலெக்சாந்திரியாவின் ஆயர் அத்தனாசியார். அந்தோனியார் இறந்தது 356இல்; அப்போது அவருக்கு வயது 105 என்கிறார் அத்தனாசியார். அடுத்த சில ஆண்டுகளுக்குள், பேரரசரால் விரட்டப்பட்டுத் துறவிகளிடையே ஒளிந்து வாழ்ந்த காலத்தில், அவர் அந்த வரலாற்றை எழுதினார். நைல் கரையில் ஒரு வசதியான குடும்பம். பெற்றோர் இறந்தபோது பையனுக்கு வயது பதினெட்டோ இருபதோ. கூடவே ஒரு சிறு தங்கை. ஒருநாள் கோயிலில், உள்ளதை விற்று ஏழைகளுக்குக் கொடு என்று பணக்கார இளைஞனிடம் இயேசு சொன்ன நற்செய்திப் பகுதி வாசிக்கப்படுகிறது. அது தனக்கே சொல்லப்பட்டது போல் கேட்டவர், முன்னோர் விட்டுச் சென்ற 300 அரூரா நிலத்தை ஊராருக்கே கொடுத்துவிடுகிறார். ஏறத்தாழ 200 ஏக்கர் நல்ல விளைநிலம் அது.

இந்த இடத்தில் அத்தனாசியார் போகிற போக்கில் இரண்டு செய்திகளைச் சொல்கிறார். ஒன்று, தங்கையை அந்தோனியார் தமக்குத் தெரிந்த, நம்பிக்கையான கன்னியரிடம் ஒப்படைத்தார். மற்றது, பக்கத்து ஊரில் இளமை முதலே தனிவாழ்வு வாழ்ந்துவந்த ஒரு முதியவரைப் பார்த்து அவரைப் போல வாழத் தொடங்கினார். இது சுமார் 270ஆம் ஆண்டு. 'முதல் துறவி' துறவு பூணும் நாளிலேயே அவருக்கு முன்னால் ஒரு கிழவர் இருக்கிறார். பெண்பிள்ளையை ஏற்று வளர்க்கத் தெரிந்த ஒரு கன்னியர் குழுவும் இருக்கிறது. அந்தோனியாரை முதல்வராக்கிய நூலே அவர் முதல்வர் அல்ல என்பதற்கும் சாட்சி சொல்கிறது. ஊருக்கு வெளியே நெடுந்தொலைவு போகும் வழக்கம்தான் அதுவரை இல்லை என்று அத்தனாசியாரே எழுதுகிறார்.

அந்தோனியார் போன தூரமும் படிப்படியாகத்தான் கூடியது. முதலில் வீட்டுக்கு அருகில், பிறகு ஊரெல்லையில், பிறகு கல்லறைகளில் ஒன்றில், 35 வயதளவில் ஆற்றுக்கு அக்கரையில் பாழடைந்த கோட்டையில், 20 ஆண்டுகள். கடைசியில் செங்கடலுக்கு அருகே மலையடிவாரம். ஒவ்வோர் இடத்திலும் அவருக்கு யாரோ உணவு கொண்டுவந்தார்கள். கோட்டையில் இருந்தபோது ஆண்டுக்கு இருமுறை கூரை வழியாக ரொட்டி உள்ளே இறக்கப்பட்டது. மலைக்கு வழிகாட்டி அழைத்துப் போனவர்கள் அரபு வணிகர்கள். ரொட்டி கொடுத்தவர்களும் அவர்கள்தான். பிறருக்குச் சிரமம் தரக்கூடாதென்று பிறகு அவரே கொஞ்சம் தானியம் விதைத்தார். வருகிறவர்களுக்காகக் காய்கறியும் போட்டார். ஆளே வராத இடத்தில் யாரும் விருந்தாளிக்கென்று காய்கறி போடமாட்டார்கள்.

அந்த நூல் பரவிய வேகம் வியப்பானது. 374க்குள் அந்தியோக்கியாவின் எவாகிரியுஸ் அதை லத்தீனில் பெயர்த்துவிட்டார். 386இல் மிலான் நகரில், தன் வாழ்க்கையை எப்படி அமைத்துக்கொள்வதென்று தவித்துக்கொண்டிருந்த அகுஸ்தீனாரிடம் வீட்டுக்கு வந்த ஒருவர் அந்தோனியாரைப் பற்றிப் பேசுகிறார். டிரியர் நகரில் இரண்டு அரசு அலுவலர்கள் தற்செயலாக அந்த நூலைப் படித்து, அந்த இடத்திலேயே வேலையை விட்டதையும் சொல்கிறார். அகுஸ்தீனாரின் மனமாற்றம் நடந்தது அன்றைக்குத்தான். ஜெர்மனி வரை போய் ஆட்களை இழுத்த அந்த நூல்தான் 'துறவு என்றால் பாலை' என்ற சித்திரத்தை உலகுக்குக் கொடுத்தது. எழுத்தறியாத எளியவராக அத்தனாசியார் காட்டும் அந்தோனியாரின் பெயரில் ஏழு கடிதங்களும் இருக்கின்றன. அவை அவருடையவையே என்று சாமுவேல் ரூபென்சன் 1990இல் வாதிட்டார். இறையியலாளர் ஆரிஜனின் அலெக்சாந்திரியத் தத்துவம் தெரிந்த ஒருவரின் குரல் அவற்றில் கேட்கிறது. எனக்கு ரூபென்சனின் வாதம் ஏற்புடையதாகவே படுகிறது. படிப்பறிவில்லாத ஞானி என்ற படிமம் ஆயருக்குத் தேவைப்பட்டிருக்கிறது.

துறவு ஏன் அந்தக் காலத்தில், அந்த நாட்டில் இவ்வளவு வலுவாக எழுந்தது? இதற்குப் பலரும் பல விடை சொல்லியிருக்கிறார்கள்.

வேத கலாபனைக்குத் தப்பி ஓடியவர்கள் அப்படியே பாலையில் தங்கிவிட்டார்கள் என்பது பழைய விடை. ஜெரோம் எழுதிய வனத்துச் சின்னப்பர் வரலாறு இதையே சொல்கிறது: 250ஐ ஒட்டி தேசியுஸ் பேரரசர் காலத்தில் ஓடியவர் அவர். அந்த நூலில் வழிகாட்டும் குதிரைமனிதனும் ஆட்டுக்கால் மனிதனும் வருகிறார்கள். அது வரலாறு என்று இன்று வாதிடுபவர்கள் குறைவு. தேசியுஸ் காலத்தில் எகிப்தியக் கிறிஸ்தவர்கள் மலைக்கும் பாலைக்கும் ஓடியது உண்மைதான். ஆனால் அந்தோனியார் ஊரை விட்டது கலாபனை ஓய்ந்திருந்த அமைதிக் காலத்தில். 311இல் மறுபடி கலாபனை வந்தபோதோ அவர் எதிர்த்திசையில், அலெக்சாந்திரியாவுக்குள் போனார். சிறையிலும் சுரங்கத்திலும் கிடந்தவர்களுக்கு ஊழியம் செய்தார்.

இரண்டாவது விடை இதற்கு நேர்மாறானது. கான்ஸ்டன்டைன் காலத்தில் திருச்சபைக்கு அரச ஆதரவு கிடைத்தது. வசதி வந்ததும் நெறி தளர்ந்தது. அதற்கு எதிர்ப்பாகத் துறவு பிறந்தது. கேட்க நன்றாக இருக்கிறது. கிழவரும் கன்னியரும் 270இலேயே இருந்தார்கள் என்பதோடு இது பொருந்தவில்லை. இரத்தம் சிந்தும் சாட்சிக்கு வாய்ப்பில்லாமல் போன பிறகு நாள்தோறும் சாகும் சாட்சியாகத் துறவு மதிக்கப்பட்டது என்பது வரை சரி. இது துறவு பெருகியதை விளக்குமே தவிர, பிறந்ததை விளக்காது.

மூன்றாவது விடை வரியைப் பற்றியது. எனக்கு இது மிகவும் சுவையானதாகப் படுகிறது. துறவியின் ஒதுங்கலைக் குறிக்கும் கிரேக்கச் சொல் 'அனக்கோரேசிஸ்'. எகிப்திய விவசாயிகளிடையே அந்தச் சொல்லுக்கு வேறொரு பழைய பொருள் இருந்தது: வரியும் கட்டாய ஊழியமும் தாங்காமல் நிலத்தைப் போட்டுவிட்டு இரவோடிரவாக ஊரை விட்டு ஓடுவது. துறவிகளில் இப்படிப்பட்டவர்களும் இருந்திருப்பார்கள் என்பதில் ஐயமில்லை. நகரக் கடமைகளைத் தட்டிக்கழிக்கத் துறவிகளோடு சேர்ந்துகொள்கிறவர்களை இழுத்து வரச்சொல்லி வாலென்ஸ் பேரரசர் 370களில் சட்டமே போட்டார். ஆனால் 200 ஏக்கர்க்காரர் வரிக்கு அஞ்சி ஓடினார் என்று யாரும் சொல்லமாட்டார்கள். நிலத்தை ஊருக்குக் கொடுத்து ஊரின் வரிச்சுமையைத் தம் குடும்பத்தின் மேல் விழாமல் தீர்த்தார் என்று வேண்டுமானால் சொல்லலாம். அந்தச் சொல் பொருள் மாறியதில்தான் எனக்கு அக்கறை. ஓடிப்போனவனைக் குறித்த சொல்லையே ஊர் ஒரு மகானுக்குக் கொடுத்தது.

இனி, வெளியிலிருந்து வந்தது என்பவர்கள். செராப்பிஸ் கோயில்களில் அடைபட்டுக் கிடந்த பக்தர்களிடமிருந்து வந்தது என்றார் 19ஆம் நூற்றாண்டு ஜெர்மானிய அறிஞர் வைங்கார்ட்டன். இன்று அதை ஏற்பவர் இல்லை. மரேயோத்திஸ் ஏரிக்கரையில் தியானத்தில் வாழ்ந்த 'தெரப்பியூத்தே' என்ற யூதர்களைப் பற்றி யூதத் தத்துவஞானி ஃபிலோ எழுதியதைப் படித்த திருச்சபை வரலாற்றாசிரியர் யூசேபியுஸ், அவர்களை ஆதிக்கிறிஸ்தவர்கள் என்றே எண்ணிவிட்டார். அவர்களுக்கும் அந்தோனியாருக்கும் இடையே இருநூறாண்டு இடைவெளி. பாலமாக ஒரு சான்றும் இல்லை. பிச்சை ஏற்றுத் திரிந்த மானிக்கேயத் துறவிகள் 3ஆம் நூற்றாண்டிலேயே எகிப்துக்குள் வந்திருந்தார்கள் என்பது இவற்றைவிடக் கனமான செய்தி. அவர்களைக் கிறிஸ்தவர்கள் கண்டார்கள், எதிர்த்தார்கள்; எதிர்க்கும்போதே கற்றுக்கொண்டதும் உண்டாயிருக்கலாம்.

இந்தியத் தொடர்பு என்ற பேச்சும் நெடுநாளாக உண்டு. தமிழ் வாசகருக்கு இதில் இயல்பாகவே ஆர்வம் எழும் என்பதால் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். எகிப்தின் செங்கடல் துறைமுகங்களுக்கு நம் கரையிலிருந்து கப்பல்கள் போனது ஐயத்துக்கு இடமில்லாத உண்மை. குசைர் அல்-கதீமில் 'பானை ஒறி' என்று தமிழ் பிராமியில் எழுதிய ஓடு கிடைத்தது. பெரெனிகேயில் ஓர் இந்தியச் சாடி நிறைய ஏழரைக் கிலோ மிளகு கிடைத்தது. 2022இல் அங்கே ஒரு புத்தர் சிலையும் வெளிப்பட்டது. புத்தரின் போதனையைப் பின்பற்றும் இந்தியர்களைப் பற்றி அலெக்சாந்திரியாவின் கிளமெண்ட் 200ஐ ஒட்டிய ஆண்டுகளில் எழுதியிருக்கிறார். அதே கடலின் கரையருகே, வெகு வடக்கேதான் அந்தோனியாரின் மலை. இவ்வளவும் உண்மை. ஆனால் மிளகு வந்த தடம் மண்ணில் இருக்கிறது. எண்ணம் வந்த தடம் இல்லை. எகிப்தியத் துறவிகளின் கடிதங்களிலோ சொல்லாடலிலோ இந்தியத் துறவின் சாயல் என்று அடையாளம் காட்டும்படி ஒன்றும் இதுவரை இல்லை. அவர்கள் ஓயாமல் முணுமுணுத்தது திருப்பாடல்களைத்தான். பெருமைக்காக இந்தக் கயிற்றைத் திரிப்பது நமக்கும் அவர்களுக்கும் நியாயமாகாது.

என் பார்வையில் மிகவும் வலுவான விடை எளிமையானது. மணம் முடிக்காமல் செபத்திலும் நோன்பிலும் இருப்பவர்கள் கிறிஸ்தவச் சபைகளில் தொடக்கம் முதலே இருந்தார்கள். கொரிந்தியருக்குப் பவுல் எழுதிய கடிதத்திலேயே இந்தப் பேச்சு வருகிறது. அவர்கள் வீட்டிலேயே இருந்தார்கள், பெற்றோரோடும் உடன்பிறந்தாரோடும். சிரியாவில் இவர்களுக்கு 'உடன்படிக்கையின் புதல்வர், புதல்வியர்' என்று பெயரே இருந்தது. பாரசீகப் பகுதியில் வாழ்ந்த அஃப்ரகாத் 337இல் அவர்களுக்காகவே ஒரு நூல் எழுதினார். ஒற்றையாய் இருப்பவரை சிரியாக் மொழி 'இகிதாயா' என்றது. தனியன், மணமாகாதவன், ஒரே பேறானவன் என்றெல்லாம் பொருள்படும் சொல் அது. கிறிஸ்துவுக்கே அந்தப் பெயர் உண்டு. கிரேக்க 'மொனக்கோஸ்' சொல்லுக்குப் பின்னால் இந்தச் சிரியாக் சொல் நிற்கிறது என்று கருதும் அறிஞர்கள் உண்டு. அப்படியானால் அந்தச் சொல் முதலில் குறித்தது குகையின் தனிமையை அல்ல. பிளவுபடாத மனத்தையும் மணமற்ற வாழ்வையும். ஐசக் ஊருக்குள் நடமாடியதில் வியப்பே இல்லை.

அந்தோனியார் செய்தது இந்த வாழ்வை ஊரெல்லைக்கு அப்பால் கொண்டுபோனது. பக்கோமியுஸ் செய்தது அதற்குச் சுவரும் சோறும் ஒழுங்கும் கொடுத்தது. இவர் கதை தொடங்கும் இடம் எனக்கு மிகவும் பிடிக்கும். சுமார் 312இல், கிறிஸ்தவரல்லாத இருபது வயது இளைஞனைக் கட்டாயமாகப் படைக்குப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். தீப்சில் இரவு அடைத்து வைத்திருக்கும்போது முன்பின் தெரியாத சிலர் உணவும் நீரும் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். யார் இவர்கள் என்று கேட்டால், கிறிஸ்தவர்கள், எல்லோருக்கும் உதவுகிறவர்கள் என்று விடை வருகிறது. விடுதலையானதும் அவர் திருமுழுக்குப் பெற்று, பலமோன் என்ற முதியவரிடம் சில ஆண்டுகள் தனித்துறவு பயின்றார். பிறகு 323ஐ ஒட்டி தபென்னிசி என்ற ஊரில் ஒரு குழுவைச் சேர்த்தார். முதல் முயற்சி படுதோல்வி. அவரே சமைத்துப் பரிமாறி, எல்லா வேலையும் செய்தார். வந்தவர்கள் அவரை வேலைக்காரனாக நடத்தினார்கள். பொறுத்துப் பார்த்துவிட்டு அவர்களை வெளியே அனுப்பினார். விதிமுறை என்பது அந்தக் கசப்பிலிருந்து பிறந்தது.

346இல் கொள்ளைநோயில் அவர் இறக்கும்போது ஆண்களுக்கு ஒன்பது மடங்கள், பெண்களுக்கு இரண்டு. பெண்கள் மடத்தின் தொடக்கம் அவருடைய உடன்பிறந்தாள் மரியா. ஒவ்வொரு மடத்துக்குள்ளும் பல வீடுகள்; கூட்டாகச் சாப்பாடு, கூட்டாக வேலை: பாய், கூடை, கயிறு, ரொட்டி, வயல், படகு. வருகிறவருக்கு எழுத்துத் தெரியாவிட்டால் கற்றுத்தந்தார்கள். குறைந்தது இருபது திருப்பாடல்களோ இரண்டு திருமுகங்களோ மனப்பாடமாக வேண்டும். விருப்பமில்லாதவரையும் கட்டாயப்படுத்திப் படிக்க வைக்கச் சொல்கிறது விதிமுறை. நான்காம் நூற்றாண்டில் ஏழை விவசாயியின் மகனுக்கு எழுத்துக் கற்றுத்தர ஒரு கூட்டம் இருந்தது என்பதை நினைத்துப் பாருங்கள்.

வடக்கே, அலெக்சாந்திரியாவுக்குத் தெற்கே, மூன்றாவது வகை ஒன்று வளர்ந்தது. முழுத் தனிமையும் இல்லை, முழு மடமும் இல்லை. 330ஐ ஒட்டி நித்ரியாவில் குடியேறிய அமோன், மனைவியோடு பதினெட்டு ஆண்டுகள் உடன்பிறந்தார்போல் வாழ்ந்த பிறகு துறவுக்கு வந்தவர். நித்ரியாவில் கூட்டம் பெருகியதும் இன்னும் அமைதியான இடம் தேட அவரும் அந்தோனியாரும் ஒருநாள் பிற்பகல் உணவை முடித்துக்கொண்டு மாலை வரை நடந்தார்கள் என்பது மரபு. சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் பொழுது சாய்வதற்குள் போய்ச் சேர முடிகிற தூரத்தில் சிலுவை நட்டார்கள். தனிமைக்குப் போகிறவர்கள் பார்த்துவரும் தூரத்தைக் கணக்கிட்டே போயிருக்கிறார்கள். அந்த இடம் கெல்லியா. 'சிற்றறைகள்' என்று பொருள். 1964இல் அந்தோய்ன் கியோமோன் அதை மீண்டும் அடையாளம் கண்டார். பிரெஞ்சு, சுவிஸ் ஆய்வாளர்கள் அகழ்ந்தபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட துறவிக் குடியிருப்புகளின் தடயம் வெளிப்பட்டது.

நித்ரியாவை நேரில் கண்ட பல்லாதியுஸ் 420ஐ ஒட்டி எழுதிய நூலில் அங்கே ஐயாயிரம் பேர் இருந்ததாகச் சொல்கிறார். எண்ணிக்கை எப்படியிருந்தாலும் அவர் தரும் விவரங்கள் கண்ணால் கண்டவை. ஏழு ரொட்டிச் சூளைகள். மருத்துவர்கள், பலகாரம் செய்பவர்கள். கோயிலருகே மூன்று பேரீச்ச மரங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு சவுக்கு, தவறும் துறவிக்கு ஒன்று, திருடனுக்கு ஒன்று, வம்பு செய்யும் வழிப்போக்கனுக்கு ஒன்று. வந்த விருந்தாளி ஒரு வாரம் சும்மா இருக்கலாம். பிறகு தோட்டத்திலோ சூளையிலோ வேலை செய்ய வேண்டும். மாலையானால் ஒவ்வோர் அறையிலிருந்தும் திருப்பாடல் ஒலி எழும். பாலைவனத்தைப் பட்டணமாக்கினார்கள் என்று அத்தனாசியார் சொன்னது மிகையில்லை.

இங்கே ஆசானை 'அப்பா' என்றார்கள், முதிய துறவுப் பெண்ணை 'அம்மா' என்றார்கள். அரமேயிக் மொழிச் சொற்கள். நம் காதில் மொழிபெயர்ப்பே தேவையில்லாமல் விழுகின்றன. அப்பா மோசே, அப்பா அர்சேனியுஸ், அம்மா சிங்கிளெத்திகா, அம்மா சாரா. இளையவன் வந்து ஒரு வார்த்தை சொல்லுங்கள் அப்பா என்று கேட்பான். பெரியவர் சில சமயம் ஒரு வரி சொல்வார், சில சமயம் வாயே திறக்கமாட்டார். அந்த வரிகள் ஐந்தாம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்டன. குள்ள யோவானின் கதை அவற்றில் ஒன்று. வானதூதரைப் போல உழைக்காமல் கடவுளை மட்டும் தொழுதிருப்பேன் என்று மேலாடையைக் கழற்றிவிட்டு அவர் பாலைக்குள் போனார். ஒரு வாரம் கழித்து இரவில் வந்து தமையனின் கதவைத் தட்டினார். யாரென்று உள்ளிருந்து குரல், நான்தான் யோவான். யோவான் வானதூதராகிவிட்டாரே, இனி மனிதரிடையே இல்லையே என்று சொல்லித் தமையன் விடியும் வரை திறக்கவில்லை. காலையில் கதவைத் திறந்து, நீ மனிதன், சாப்பிட வேண்டுமானால் வேலை செய்யத்தான் வேண்டும் என்றார்.

அவர்கள் கூடை முடைந்தார்கள், கயிறு திரித்தார்கள், அறுவடைக்குக் கூலிக்குப் போனார்கள். விற்ற காசில் உப்பும் ரொட்டியும் வாங்கி, மிச்சத்தை ஏழைகளுக்குக் கொடுத்தார்கள். ஊர்ச்சந்தை இல்லாவிட்டால் பாலைத்துறவு ஒரு மாதம்கூட நின்றிருக்காது. துறவிகளுக்கு வந்த பாப்பிரஸ் கடிதங்களும் இதையே காட்டுகின்றன: கடனுக்கு, நோய்க்கு, வழக்குக்கு, செபத்துக்கு என்று ஊர் அவர்களைத் தேடிக்கொண்டே இருந்தது. பாலை என்பது பாதி இலக்கியக் கற்பனை என்று ஜேம்ஸ் கோரிங் இவற்றை வைத்து வாதிட்டார். பாதி என்ற அளவில் நான் ஒப்புக்கொள்கிறேன். மீதிப் பாதி நிஜம். அதற்கு மற்றோர் எவாகிரியுஸ் சாட்சி.

பொந்துஸ் நாட்டவரான இவர் கான்ஸ்டான்டிநோபிளில் புகழ்பெற்ற பேச்சாளராக இருந்து, 383ஐ ஒட்டி எகிப்துக்கு வந்தவர். கெல்லியாவில் நூல்களைப் படியெடுத்துப் பிழைத்து 399இல் இறந்தார். மனத்தைக் கலைக்கும் எண்ணங்களை எட்டாக வகுத்தார்: பெருந்தீனி, காமம், பொருளாசை, துயரம், சினம், சலிப்பு, வீண்புகழ், செருக்கு. ஏழு தலையான பாவங்கள் என்று மேற்குலகம் பின்னால் எண்ணியதன் மூலம் இதுதான். இவற்றில் சலிப்பைப் பற்றி அவர் எழுதியதைப் படித்தால், அறையில் தனியாக உட்கார்ந்த மனிதர் எழுதியது என்று உடனே தெரியும். நண்பகலை ஒட்டி அது வரும். சூரியன் நகரவே நகராது. பகல் ஐம்பது மணி நேரம் போல நீளும். சன்னலைப் பார்ப்பார், வெளியே வந்து சூரியனை நோக்குவார், சாப்பாட்டு வேளைக்கு இன்னும் எவ்வளவு நேரம் என்று கணக்கிடுவார். பக்கத்து அறைக்காரர் யாராவது வருகிறாரா என்று நோட்டமிடுவார். இந்த இடம் பிடிக்கவில்லை, இந்த வேலை பிடிக்கவில்லை, இங்கே யாருக்கும் அன்பில்லை, வேறெங்காவது போனால் நன்றாயிருக்கும் என்று மனம் பேசும். ஊர் நினைவு வரும். முதுமை எவ்வளவு நீளமென்று அச்சம் வரும். அவர் சொல்லும் மருந்து: எழுந்து போகாதே, அறையிலேயே இரு. அவர் இறந்த ஆண்டிலேயே அலெக்சாந்திரியாவின் ஆயர் தியோபிலுஸ் ஆரிஜனின் கருத்துகளைப் பின்பற்றுவோர் மேல் திரும்பினார். எவாகிரியுசின் நண்பர்கள் விரட்டப்பட்டார்கள். 553இல் அவருடைய போதனைகளே கண்டிக்கப்பட்டன. பல நூல்கள் வேறொருவர் பெயரிலும் சிரியாக் மொழியிலும்தான் பிழைத்தன.

எகிப்துக்கு வெளியே துறவு வேறு வேறு முகம் கொண்டது. சிரியாவில் சிமியோன், 459இல் இறக்கும்வரை முப்பத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாகத் தூண்களின் மேல் நின்றார். அவருக்குக் கீழே கூட்டம் நின்றது. வட்டிக் கொடுமையும் எல்லைத் தகராறும் அவர் முன் தீர்க்கப்பட்டன. சிரியத் துறவிகளைக் கிராமங்களின் புரவலர்களாகக் காண வேண்டும் என்று பீட்டர் பிரவுன் 1971இல் எழுதிய கட்டுரை இந்தத் துறையின் போக்கையே மாற்றியது. தடியடிக்கு நடுவே குறுக்கிட்ட ஐசக்கும் அதே வேலையைத்தான் சிறிய அளவில் செய்தார். கப்பதோக்கியாவில் பசிலியார், தனியாக இருந்தால் யாருடைய பாதத்தைக் கழுவுவாய் என்ற கேள்வியை எழுப்பி, கூட்டுவாழ்வே மேல் என்றார். செசரேயா அருகே நோயாளிகளுக்கும் ஏழைகளுக்கும் பெரிய இல்லம் கட்டினார். அவருக்கு முன்பே அவருடைய அக்கா மக்ரீனா குடும்ப வீட்டையே மடமாக்கி, பணிப்பெண்களோடு ஒரே பந்தியில் உண்டு வாழ்ந்தார். பசிலியார் பெயர் விதிமுறை நூல்களில் நிற்கிறது. அக்காவைப் பற்றி நமக்குத் தெரிய மற்றொரு தம்பி கிரகோரியார் எழுதி வைத்தது காரணம். கசியான் எகிப்திய அப்பாக்களின் பேச்சுகளை 415ஐ ஒட்டி மார்செய்லுக்குக் கொண்டுபோனார்; ஆசீர்வாதப்பர் ஆறாம் நூற்றாண்டில் தம் விதிமுறையில் அவற்றை மடத்தில் வாசிக்கச் சொன்னார். மேற்கின் மடங்கள் அந்த வழியில் வந்தவை.

ஆனால் இந்தப் பரவலின் கூடவே ஒரு வடிகட்டலும் நடந்தது. 384இல் ஜெரோம் எகிப்தியத் துறவிகளை மூன்றாகப் பிரித்தார்: மடத்தார், பாலைத்தனியர், ஊருக்குள் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து தம் விருப்பப்படி வாழும் 'ரெம்னுவோத்'. மூன்றாமவர்களை அவர் கடுமையாகத் திட்டுகிறார். யாருக்கும் கட்டுப்படாதவர்கள், சண்டைக்காரர்கள் என்கிறார். ஜட்ஜ் போன்றோர் காட்டுவது என்னவென்றால், ஐசக் வழியில் வந்த பழைய ஊர்த்துறவிகள் இவர்களாகவே இருக்கக்கூடும். முன்னே வந்தவர்கள் பின்னால் போலிகளாக்கப்பட்டார்கள். அதற்கும் முன்பே கங்ரா சங்கம், துறவின் பெயரால் முடியை வெட்டி ஆணுடை அணிந்த பெண்களையும், எசமானரை விட்டு வெளியேறத் தூண்டப்பட்ட அடிமைகளையும் கண்டு கலங்கித் தடை விதித்திருந்தது. 451இல் கல்செதோன் சங்கம் துறவிகள் எல்லோரையும் அந்தந்த ஆயரின் கீழ் வைத்தது. மடமும் பாலையும் வரலாற்றில் நின்றன. வீட்டுத் துறவு ஓரத்துக்குப் போனது. பெரும்பாலும் வீட்டில் துறந்திருந்தவர்கள் பெண்கள் என்பதால் அவர்களும் கதையிலிருந்து மங்கினார்கள்.

பாப்பிரஸ் மட்டும் அவர்களை மறக்கவில்லை. கி.பி. 400இல் ஒக்சிரிங்குஸ் நகரில் எழுதப்பட்ட ஒரு வாடகை ஒப்பந்தம் இருக்கிறது. தியோதோரா, தவுரிஸ் என்று இரண்டு சகோதரிகள். இருவரும் துறவியர் என்று ஒப்பந்தமே சொல்கிறது. தங்களுக்குச் சொந்தமான வீட்டின் கீழ்த்தளத்து அறை ஒன்றையும் நிலவறையையும் யோசே என்ற யூதருக்கு வாடகைக்கு விடுகிறார்கள். உடைமை உண்டு, வாடகை உண்டு, வேற்று மதத்தவரோடு ஒரே வீட்டில் குடியிருப்பு உண்டு. ஜெரோம் பார்த்திருந்தால் முகம் சுளித்திருப்பார். எழுதியவருக்கோ சாட்சிகளுக்கோ அதில் விந்தை எதுவும் தோன்றவில்லை.

அந்தோனியாரின் தங்கைக்கு என்ன ஆயிற்று? அத்தனாசியார் அவள் பெயரைச் சொல்லவில்லை. கன்னியரிடம் விட்டுப்போன பிறகு நூலின் பெரும்பகுதி முழுக்க அவளைப் பற்றி ஒரு சொல்லும் கிடையாது. பேய்களோடு போராட்டம், கோட்டை, மலை, பேரரசரின் கடிதம் என்று அண்ணனின் கதை ஓடுகிறது. நடுவே ஒரேயொரு முறை, மலையிலிருந்து இறங்கி வந்த அந்தோனியார் அவளைப் பார்க்கிறார். கன்னியாகவே முதுமை அடைந்திருந்தாள். வேறு பல கன்னியரை அவள்தான் வழிநடத்திக்கொண்டிருந்தாள். அண்ணன் பார்த்து மகிழ்ந்தார் என்று ஒரு வரி.